உணர்ச்சிப் படங்களும் திருநர் மூளையும்: ஸ்கேன் அறை வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் 14 ஆண்டுகளாகத் தொழில்நுட்பப் பணியாளராக வேலை செய்கிறேன். நாங்கள் எடுப்பவை நோய்க்கான ஸ்கேன்கள்தான், ஆராய்ச்சி எங்கள் வேலையில்லை. என் அக்காவின் பிள்ளை தன்னைத் திருநங்கை என்று வீட்டில் சொன்ன பிறகு, உறவினர்கள் எல்லோரும் என்னிடம்தான் வந்தார்கள். "நீ மூளையைப் படம் எடுக்கிறவள்தானே, இது மூளையில் தெரியுமா, நீயே சொல்" என்றார்கள். பிறகு திருநர்களின் பெற்றோர் கூட்டங்களுக்கு அந்தப் பிள்ளையோடு போகத் தொடங்கினேன். அங்கும் அதே சந்தேகங்கள்தான். பதில் சொல்வதற்காகவே ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்தேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தருகிறேன்.

"ஸ்கேனுக்குள் படம் காட்டுவார்களாமே, அந்தக் குழாய்க்குள் டி.வி.யா இருக்கிறது?"

குழாய்க்குள் இல்லை. தலையைச் சுற்றிக் கூண்டு போல ஒரு கருவியைப் பொருத்துவோம். அதன் மேல் ஒரு சிறு கண்ணாடியைச் சாய்வாக வைத்தால், காந்தத்தின் பின்பக்கம் இருக்கும் திரை அதில் தெரியும். மல்லாந்து படுத்தபடியே பார்க்கலாம். கையில் ஒரு பொத்தான் இருக்கும். "இந்தப் படம் இனிமையா, கசப்பா?" என்ற மாதிரிக் கேள்விகளுக்கு அதை அழுத்திப் பதில் சொல்ல வேண்டும். இயந்திரம் தடதடவென்று சத்தம் போடும் என்பதால் காதை அடைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தலை சில மில்லிமீட்டர் அசைந்தாலும் பதிவு கெட்டுவிடும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. ஒருவரை ஆடாமல் அசையாமல் படுக்கவைத்து, பெரும் இரைச்சலுக்கு நடுவே, ஒரு சிறு கண்ணாடி வழியே படம் காட்டி எடுத்த பதிவைத்தான் நாம் 'உணர்ச்சி' என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வீட்டிலும் தெருவிலும் வரும் உணர்ச்சி இப்படி வருவதில்லை.

"என்ன மாதிரிப் படங்கள்? ஆபாசப் படங்கள்தானா?"

பெரும்பாலும் இல்லை. உலகம் முழுவதும் பயன்படும் ஒரு படத்தொகுப்பை அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் லேங், மார்கரெட் பிராட்லி ஆகியோர் உருவாக்கினார்கள். பாம்பு, கைக்குழந்தை, காயம்பட்ட உடல், துப்பாக்கி, பூ, வெறும் கூடை என்று எல்லாமே அதில் உண்டு. ஒவ்வொரு படமும் எவ்வளவு இனிமையாக இருக்கிறது, எவ்வளவு பரபரப்பூட்டுகிறது என்று நிறையப் பேர் முன்கூட்டியே 1 முதல் 9 வரை மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு வகை முகங்கள். மேலே ஒரு கோபமான முகமோ பயந்த முகமோ இருக்கும், கீழே இரண்டு முகங்கள் இருக்கும். மேலே உள்ள உணர்ச்சி கீழே எதில் இருக்கிறது என்று பொருத்த வேண்டும். ஒப்பீட்டுக்காக இடையிடையே வெறும் வடிவங்களையும் பொருத்தச் சொல்வார்கள். பாலுணர்வைத் தூண்டும் படங்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் உண்டு, அதைத் தனியே சொல்கிறேன்.

"மூளையில் சிவப்பாக எரிகிறதே, அதுதான் உணர்ச்சியா?"

மூளைக்குள் எதுவும் எரிவதில்லை, அந்த நிறம் கணினி பூசுவது. ஒரு பகுதியில் நரம்பணுக்கள் கூடுதலாக வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் அதை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் காந்தப்புலத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இந்த வேறுபாட்டைப் படமாக்கலாம் என்று செய்ஜி ஒகாவாவும் அவருடைய குழுவினரும் 1990-இல் காட்டினார்கள். செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. என்ற துறையே அதிலிருந்து வளர்ந்தது.

ஆகவே நாம் காண்பது ரத்த ஓட்டத்தின் மாற்றம். அதுவும் படம் கண்ணில் பட்டு ஐந்தாறு விநாடிகள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். படத்தின் ஒரு சிறு புள்ளிக்குள் பல லட்சம் நரம்பணுக்கள் அடங்கியிருக்கும். ஒரு பகுதி சிவந்திருந்தால், 'ஒப்பிட்ட நேரத்தைவிட இப்போது இங்கே மாற்றம் கூடுதல்' என்று மட்டுமே பொருள்.

"அமிக்டலா என்றால் பயத்தின் இடம்தானே? அது துடித்தால் பயந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாமே?"

சொல்ல முடியாது. அமிக்டலா என்பது மூளையின் இரு பக்கமும் காதுக்கு நேராக உள்ளே இருக்கும், பாதாம்பருப்பு வடிவப் பகுதி. பயத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பது சரிதான். ஆனால் பிடித்த முகம், பசியில் கண்ட சாப்பாடு, இதுவரை பார்த்திராத பொருள் எல்லாவற்றுக்கும் அது அசையும். 'இது உனக்கு முக்கியம், கவனி' என்று தட்டி எழுப்பும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயந்தால் அமிக்டலா அசையும் என்பதிலிருந்து, அமிக்டலா அசைந்தால் பயம் என்று தலைகீழாக முடிவுக்கு வரக் கூடாது. திருநர் மூளையைப் பற்றி வரும் செய்திகளில் நான் காணும் பிழைகளில் பாதி இதுதான்.

"திருநங்கைகளுக்குப் பெண் மூளை என்று ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்களாமே?"

இதை என்னிடம் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அன்போடுதான் சொல்கிறார்கள், பிள்ளையின் பக்கம் நிற்க ஒரு ஆதாரம் தேடி. அதனாலேயே சரியாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பேச்சு பரவத் தொடங்கியது 1995-இல். நெதர்லாந்தில் டிக் ஸ்வாப் குழுவினர், இறந்துபோன ஆறு திருநங்கைகளின் மூளையில், ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்கு அருகிலுள்ள ஒரு மிகச் சிறு பகுதியை அளந்து, அது பெண்களின் அளவில் இருந்ததாக நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆறே ஆறு மூளைகள்தான் என்றாலும் அவற்றைச் சேர்க்க 11 ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்த ஆறு பேரும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை எடுத்துக்கொண்டவர்கள். 2002-இல் அதே குழுவைச் சேர்ந்தவர்கள், அந்தப் பகுதியில் ஆண் பெண் வேறுபாடு வளர்ந்த பிறகே தெளிவாகத் தெரிகிறது என்றும் கண்டார்கள். என் அக்கா பிள்ளையோ நான்கு வயதிலேயே தாவணிக்கு அழுதவள். அவள் உணர்வுக்கு அந்தச் சிறு பகுதி விளக்கமாகாது.

2022-இல் வந்த ஒரு கணக்கு இதைவிடத் தெளிவாக இருக்கிறது. மூளையின் கட்டமைப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கணிக்க ஒரு கணினி நிரலைப் பழக்கினார்கள். திருநர் அல்லாத பெண்களின் சராசரி 0, ஆண்களின் சராசரி 1. ஹார்மோன் எடுக்காத 24 திருநங்கைகளின் சராசரி 0.75 என்று வந்தது. பெண் பக்கம் நகர்ந்திருக்கிறது, பெண் சராசரியை எட்டவில்லை. ஒவ்வொரு குழுவிலும் ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாடோ இந்த நகர்வைவிடப் பெரியது. 'பெண் மூளை' என்ற ஒற்றைப் பொருளே இல்லை. 1,400-க்கும் மேற்பட்ட மூளைகளைப் பார்த்து 2015-இல் டாஃப்னா ஜோயல் குழுவினர் சொன்னதும் இதுதான். எல்லாப் பகுதிகளிலும் முழுக்க 'ஆண் வகை' அல்லது முழுக்க 'பெண் வகை'யாக இருக்கும் மூளைகள் அரிது, பெரும்பாலோருக்குக் கலவைதான். உங்களுக்கும் எனக்கும்கூட.

"அப்படியானால் படம் காட்டிய ஆய்வில் என்னதான் கண்டார்கள்?"

நான் தனியே சொல்வதாகச் சொன்னது இதைத்தான். 2009-இல் ஜெர்மனியில் எல்கே கிசெவ்ஸ்கி குழுவினர் 12 ஆண்கள், 12 பெண்கள், எந்தச் சிகிச்சையும் தொடங்காத 12 திருநங்கைகள் ஆகியோருக்குப் பாலுணர்வுக் காட்சிகளைக் காட்டிப் பதிவு செய்தார்கள். தலாமஸ், அமிக்டலா, இன்சுலா முதலிய பகுதிகளில் ஆண்களின் மறுவினை பெண்களைவிடக் கூடுதலாக இருந்தது. திருநங்கைகளை ஆண்களோடு ஒப்பிட்டபோதும் ஏறக்குறைய அதே வேறுபாடு வந்தது. அதாவது அந்தக் காட்சிகளுக்கு அவர்கள் மூளை காட்டிய மறுவினை, பெண்களின் மறுவினையை ஒத்திருந்தது.

ஹார்மோன் தொடங்காதவர்களை எடுத்துக்கொண்டது நல்ல முடிவு. மருந்தின் விளைவோ என்ற சந்தேகம் அங்கே இல்லை. ஆனால் வேறொரு சந்தேகம் எனக்கு உண்டு. ஆண் உடல் என்று ஊர் சொல்லும் உடலோடு வேதனையில் வாழும் ஒருத்திக்குப் பாலுறவுக் காட்சி காட்டினால், அவளுக்கு முதலில் வருவது கிளர்ச்சியா, கூச்சமா, தன் உடம்பின் மேல் கசப்பா? மறுவினை குறைந்திருந்ததற்குப் 'பெண் போன்ற மூளை' ஒரு விளக்கம். மனம் அந்தக் காட்சியிலிருந்து விலகிக்கொண்டது இன்னொரு விளக்கம். எது என்று ரத்த ஓட்டம் சொல்லாது.

ஆய்வில் வந்தவர்கள் யார் மேல் ஈர்ப்பு கொண்டவர்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். பாலின அடையாளம் வேறு, பாலீர்ப்பு வேறு. 2011-இல் சுவீடனில் இவாங்கா சாவிக், பெண்கள்மேல் ஈர்ப்புள்ள 24 திருநங்கைகளின் மூளைக் கட்டமைப்பை அளந்தார். அது பெண் பக்கம் சாய்ந்ததற்கான அடையாளம் அவருக்குக் கிடைக்கவில்லை. சில பகுதிகளில் அவர்கள் ஆண்களிடமிருந்தும் பெண்களிடமிருந்தும் வேறுபட்டிருந்தார்கள்.

"ஹார்மோன் எடுத்தால் உணர்ச்சியும் மாறிவிடுமா?"

மூளை ஹார்மோனைக் கவனிக்கும் உறுப்புதான், அதில் ஐயமில்லை. ஹில்கே ஹுல்ஷோஃப் போல் குழுவினர் 2006-இல் எட்டுத் திருநங்கைகளையும் ஆறு திருநம்பிகளையும் (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு, தங்களை ஆணாக உணர்பவர்கள்) சிகிச்சைக்கு முன்னும் நான்கு மாதம் கழித்தும் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் மொத்த அளவு அவரவர் பாலினத்தின் பக்கமாகச் சற்று மாறியிருந்தது.

படங்களுக்கான மறுவினையிலும் மாற்றம் காணப்பட்டிருக்கிறது. திருநம்பியாக வளரும் பதின்வயதினருக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் தொடங்கிய பிறகு, உணர்ச்சி முகங்களைப் பார்க்கும்போது அமிக்டலாவின் வலப்பக்கம் கூடுதலாகப் பங்கெடுத்ததை 2020-இல் ஒரு நெதர்லாந்து ஆய்வு பதிவு செய்தது. அந்த வயது ஆண்பிள்ளைகளிடம் இருந்த போக்கும் அதுவே. இது திருநருக்கு மட்டும் நடப்பதில்லை. நடுவயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோதே அமிக்டலாவின் மறுவினை கூடியதை 2008-இல் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஆளே மாறிப்போவார் என்று பயப்படாதீர்கள். என் அக்கா பிள்ளை ஹார்மோன் தொடங்கிய பிறகு அதிகம் அழுவதாகச் சொன்னாள். முன்பு அழுகையே வராமல் அடைத்துக்கிடந்ததாகவும் சொன்னாள். பழைய நகைச்சுவைக் காட்சிகளுக்கு இன்றும் என் தோளில் அடித்துத்தான் சிரிக்கிறாள்.

"பாம்பையும் பூவையும் விடுங்கள். அவர்கள் உடம்பின் படத்தையே அவர்களுக்குக் காட்டினால்?"

இதைக் கேட்டவர் ஒரு அப்பா. அவர் கேட்டதுதான் இந்தத் துறையின் நல்ல கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. ஜேமி ஃபாய்ஸ்னர் என்ற ஆய்வாளரும் மேலே சொன்ன சாவிக்கும் சேர்ந்து இதைச் செய்து பார்த்தார்கள். ஒருவரின் உடலைப் படம்பிடித்து, கணினியில் அதைச் சிறிது சிறிதாக ஆண் உடல் பக்கமும் பெண் உடல் பக்கமும் மாற்றி, ஒவ்வொன்றையும் காட்டி 'இது எவ்வளவு தூரம் நீங்கள்?' என்று கேட்டார்கள். திருநர் அல்லாதவர்கள் மாற்றாத படத்தையே தங்களுடையது என்றார்கள். திருநர்களோ தங்கள் பாலினத்தின் பக்கம் மாற்றப்பட்ட படத்தோடு தங்களை அதிகம் ஒப்பினார்கள். 'இது நான்' என்ற உணர்வோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளின் இணைப்பிலும் வேறுபாடு தெரிந்தது.

இதே கேள்வியைத் தொடுதல் வழியாகக் கேட்டவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்காவில் சான் டியாகோவில் பணியாற்றிய நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன். வெட்டுப்பட்ட கையில் இன்னும் வலிக்கிறது என்பவர்களை ஆராய்ந்து பெயர்பெற்றவர். அவர் பங்கெடுத்து 2017-இல் வெளியான ஆய்வில், திருநம்பிகளின் மார்பைத் தொட்டபோது மூளை காட்டிய மறுவினை திருநர் அல்லாத பெண்களைவிடக் குறைவாக இருந்தது. கையைத் தொட்டால் அப்படி இல்லை. "இது என்னுடையது போலவே இல்லை" என்று பிள்ளைகள் சொல்வது நடிப்பில்லை என்று அந்த அப்பாவிடம் சொன்னேன். அதன்பின் அவர் வேறு கேள்வி கேட்கவில்லை.

"கோபமான முகத்தைப் பார்த்தால் அவர்கள் மூளை அதிகம் பதறுகிறது என்றால், அது பிறவிக் கோளாறுதானே?"

கோளாறு என்ற சொல்லை முதலில் விட்டுவிடுவோம். பிறவியா என்ற கேள்விக்கு வருகிறேன்.

அமிக்டலா அனுபவத்தால் பழக்கப்படும் உறுப்பு. 2012-இல் உடோ டான்லோவ்ஸ்கி குழுவினர் உடல்நலமுள்ள 148 பேருக்கு மிரட்டும் முகங்களைக் காட்டினார்கள். சிறுவயதில் அடியும் புறக்கணிப்பும் பட்டவர்களுக்கு அமிக்டலா கூடுதலாகத் துள்ளியது. அவர்களுக்கு மனநோய் எதுவும் இல்லை, வளர்ந்து ஆளானவர்கள், ஆனாலும் பட்ட அடி அங்கே இருந்தது. ஆப்கானிஸ்தானுக்குப் போய்வந்த நெதர்லாந்துப் படைவீரர்களிடமும் போருக்குப் பின் அமிக்டலாவின் மறுவினை கூடியதை 2011-இல் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களைப் பிறவியிலேயே பயந்தவர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

இனி நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தவள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் யாரும் உட்காராததைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்தவள். சொந்த அப்பாவின் முகம் எப்போது மாறும் என்று கணக்குப் பார்த்தே வளர்ந்தவள். கோபமான முகத்தை மற்றவர்களைவிட அரை நொடி முன்னால் கண்டுபிடிப்பது அவளுக்கு உயிர்காக்கும் திறமை. அப்படிப்பட்டவர்களை ஸ்கேனில் படுக்கவைத்து ஒரு வேறுபாட்டைக் கண்டால், அதில் எவ்வளவு பாலின அடையாளம், எவ்வளவு ஊர் கொடுத்த அடி என்று பிரிக்க வேண்டாமா? பிரிப்பதற்கு வாழ்க்கையைப் பற்றியும் விரிவாகக் கேட்க வேண்டும். கேட்காமல் செய்த ஆய்வைப் படித்தால் எனக்குக் கோபம் வருகிறது.

"12 பேர், 24 பேர் என்றே சொல்கிறீர்கள். இதை வைத்து எப்படி நம்புவது?"

முழுதாக நம்ப வேண்டாம். ஸ்கேன் நேரம் விலை கூடியது, திருநர் எண்ணிக்கை குறைவு, அதனால் குழுக்கள் சிறியவை. சிறிய குழுவில் தற்செயலாக வந்த வேறுபாடும் பெரிதாகத் தெரியும்.

2009-இல் கிரெய்க் பென்னெட் என்பவரும் நண்பர்களும் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனில் வைத்து, மனிதர்களின் உணர்ச்சிப் படங்களைக் காட்டி, அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று 'கேட்டார்கள்'. புள்ளியியல் திருத்தம் செய்யாமல் கணக்கிட்டபோது மீனின் மூளையில் 'மறுவினை' தெரிந்தது, திருத்தியதும் மறைந்தது. ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சோதித்தால் சில தாமாகவே சிவக்கும் என்பதைச் சக ஆய்வாளர்கள் மறக்கக் கூடாது என்று செய்தது அது. நானும் மறப்பதில்லை.

பல நாட்டுத் தரவுகளை ஒன்றுசேர்த்து 2021-இல் வந்த ஆய்வில் 803 பேர் இருந்தார்கள். 214 திருநம்பிகள், 172 திருநங்கைகள், மற்றவர்கள் திருநர் அல்லாதோர். மூளைப் பகுதிகளின் கனஅளவிலும் பரப்பிலும் வேறுபாடுகள் தெரிந்தன, மூளையின் வெளியடுக்கான புறணியின் தடிமனில் தெரியவில்லை. ஆனால் அது கட்டமைப்பைப் பற்றியது, படங்களுக்கான மறுவினையைப் பற்றியதில்லை.

"என் பிள்ளைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துச் சொல்லிவிடுங்களேன், உண்மையா பொய்யா என்று."

ஒரு அம்மா சேலைத் தலைப்பில் பணத்தை முடிந்து எடுத்துவந்து இப்படிக் கேட்டார். மூன்று மணிநேரம் பஸ்ஸில் வந்திருந்தார். பிள்ளை வாசலில் தலைகுனிந்து நின்றிருந்தாள்.

ஸ்கேன் அதைச் சொல்லாது. மேலே சொன்ன 0.75-ஐ நினைத்துப் பாருங்கள். அது 24 பேரின் சராசரி. தனி ஒருத்தியின் எண் எங்கே வேண்டுமானாலும் விழலாம், திருநர் அல்லாத பெண் ஒருத்தியின் எண்ணும் அப்படியே. 'எண் கூடுதலாக இருக்கிறது, நீ பெண்ணில்லை' என்று அந்தப் பெண்ணிடம் சொல்வோமா? அமிக்டலாவைப் பார்த்து முடிவு சொல்ல இன்னும் இடமில்லை. ஒரே ஆளை இரண்டு முறை ஸ்கேன் எடுத்தாலும் படங்களுக்கான அதன் மறுவினை ஒரே மாதிரி வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற புதிய நோய் வகைப்பாட்டில், பிறப்பில் குறித்த பாலினத்தோடு உணரும் பாலினம் பொருந்தாத நிலையை மனநோய்ப் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டது. உச்ச நீதிமன்றமும் 2014 தீர்ப்பில், ஒருவரின் பாலினம் அவர் தானே உணர்ந்து சொல்வது என்றே கூறியது.

அந்த அம்மாவிடம் பணத்தை முடிந்துகொள்ளச் சொன்னேன். "அவளிடம் நீங்கள் கேட்டீர்களாம்மா?" என்றேன். "என்ன கேட்பது?" என்றார். "எப்போதிருந்து, என்ன செய்தால் வலிக்கிறது, உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், இதையெல்லாம்" என்றேன்.

"வேறுபாடு மூளையில் இருக்கிறது என்றால், மருந்தோ மின்சாரமோ கொடுத்து மாற்றிவிடலாம் அல்லவா?"

கூடாது. ஒரு குணம் மூளையில் இருக்கிறது என்பதால் அது நோயாகிவிடாது. தாய்மொழியும் மூளையில்தான் இருக்கிறது. பாலின அடையாளத்தை 'மாற்றும்' சிகிச்சை என்ற பெயரில் நடந்தவை பிள்ளைகளின் மனத்தை உடைத்திருக்கின்றன. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய முயற்சிகளுக்குத் தடை சொன்னார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் இதை மருத்துவரின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. 'மாற்றித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து பிள்ளையோடு எழுந்து வந்துவிடுங்கள்.

"ஆராய்ச்சிக்கு வரச் சொல்கிறார்கள். போகலாமா?"

என் அக்கா பிள்ளையே கேட்டது இது. விருப்பம் இருந்தால் போ என்றேன். மேலே சொன்னவை எல்லாம் யாரோ ஒருவர் அசையாமல் படுத்திருந்ததால்தான் நமக்குத் தெரியவந்தன.

போகும் முன் கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொடுத்தேன். என்ன வகைப் படங்கள் காட்டுவார்கள், அதில் வன்முறையோ பாலுறவோ உண்டா? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா? பெயர் இல்லாமல் தரவை எப்படி வைப்பார்கள்? எதிர்பாராமல் கட்டி போல ஏதாவது தெரிந்தால் யார் சொல்வார்கள்? நீ பட்ட அனுபவங்களைப் பற்றியும் கேட்பார்களா, படத்தை மட்டும் காட்டி அனுப்பிவிடுவார்களா? உடம்பில் உலோகம் இருந்தால் சொல்லிவிடு, மூக்குத்தியைக் கழற்றிவிடு. உள்ளே கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். எந்தப் படமாவது தாங்க முடியாமல் போனால் அதை அழுத்து, உடனே நிறுத்தி வெளியே எடுத்துவிடுவார்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை.